உங்களுக்குத் தெரியுமா? சென்னைக்கு இடம் தந்த சந்திரகிரி

திருப்பதியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் சந்திரகிரிக் கோட்டை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் யாதவராயர்கள் எழுப்பியது. பின்னாளில் விஜயநகரத்தின் கைக்கு வந்தது. 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பின் அதன் தலைநகரான ஹம்பி வீழ்ந்தது. தலைநகர் முதலில் பெனுகொண்டாவுக்கும், பிறகு இங்கும் இடம்பெயர்ந்தது.

1639-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே ஒரு மணல்வெளிக் கடற்கரையைக் கேட்டுப் பெற்றார். கொடுத்தவர், சந்திரகிரியை ஆண்ட விஜயநகர அரசர் மூன்றாம் வேங்கடருக்கு உட்பட்ட தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர். அவருடைய தந்தை சென்னப்பரின் பெயரால் அமைந்ததே சென்னப்பட்டணம். புனித ஜார்ஜ் கோட்டை எழுந்ததும் அந்த மண்ணில்தான். 1646 வாக்கில் சந்திரகிரி கோல்கொண்டாவிடம் வீழ்ந்தது.

கோட்டைக்குள் இருக்கும் ராஜ மகாலை நிதானமாகப் பார்க்க வேண்டும். மூன்று அடுக்கு, கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து மட்டுமே. மர உத்தரம் ஒன்றுகூட இல்லை. கூரையின் பாரத்தை வளைவுகளே தாங்குகின்றன. கீழே சுல்தான்களின் பாணியில் கூர்வளைவுகள், உச்சியில் கோயில் விமானம் போன்ற கோபுரங்கள். இரண்டும் துளிகூட உறுத்தாமல் பொருந்தியிருப்பது அந்தக் கொத்தனார்களின் மேதைமை.

டிஸ்னிலேண்ட் கோட்டைக்கு முன்மாதிரியான ஜெர்மனியின் நொய்ஷ்வான்ஸ்டைனை உலகமே அறியும். அது 1869-இல்தான், பழமையின் சாயலில் கட்டத் தொடங்கப்பட்டது. சந்திரகிரியோ நிஜமாகவே அரசர்கள் ஆண்ட கோட்டை. ஏழுமலையானைத் தரிசித்துத் திரும்புபவர்கள் அரை நாள் ஒதுக்கலாம். ராஜ மகாலில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகமும் இருக்கிறது.