பேட்ஜ் கண்ணுக்குத் தப்பிய கதிர்வீச்சு

எக்ஸ்ரே எடுப்பவரின் சட்டையில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பேட்ஜ் குத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர் மீது எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்பதற்கு அதுதான் சாட்சி. அணு ஆயுத ஆலைத் தொழிலாளிக்கும் அப்படி ஒரு பேட்ஜ் உண்டு. ஆனால் அங்கே அதன் கண்ணுக்குத் தப்புவது ஏராளம்.

அமெரிக்காவில் டென்வர் நகருக்கு வடமேற்கே சுமார் 25 கி.மீ. தொலைவில் இருந்தது ராக்கி ஃபிளாட்ஸ் ஆலை. அணுகுண்டின் நடுவில் வைக்கும் புளூட்டோனியக் கோளங்களை 1952 முதல் 1989 வரை அங்கே செய்தார்கள். உலோகத்தை யாரும் வெறுங்கையால் தொடுவதில்லை. மூடிய பெட்டியின் சுவரில் ஈயம் சேர்த்த தடித்த கையுறைகள் பொருத்தியிருக்கும். அவற்றுக்குள் தோள்வரை கையை விட்டு, கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு கடைசல் வேலை செய்ய வேண்டும். கையுறையில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் ஆபத்துதான். புளூட்டோனியச் சீவல்கள் தானாகவே பற்றிக்கொள்ளும் குணம் உடையவை வேறு. 1957-லும் 1969-லும் அங்கே பெரிய தீ விபத்துகள் நடந்தன.

புளூட்டோனியம் பெரும்பாலும் வெளிவிடுவது ஆல்பா துகள்களை. ஒரு தாளைக்கூட அவை துளைக்காது, பேட்ஜிலும் பதியாது. அதே புளூட்டோனியம் தூசியாக மூச்சில் போய்விட்டால் கதை வேறு. நுரையீரல், எலும்பு, கல்லீரல் என்று குடியேறி, ஆண்டுக்கணக்கில் உள்ளிருந்தே சுடும். அதைப் பிடிக்கச் சிறுநீரைச் சோதிப்பார்கள். மார்பருகே கருவியை வைத்து, புளூட்டோனியத்தோடு ஒட்டிவரும் அமெரிசியத்தின் காமா கதிர்களையும் எண்ணுவார்கள். திருடனை விட்டுவிட்டு அவன் கூட்டாளியைத் தேடுவது போலத்தான் இது.

நியூட்ரான் கதிர்வீச்சின் கணக்கு இன்னும் சிக்கல். அந்தக் காலத்தில் ஒருவர் நுண்ணோக்கியில் குனிந்து, பேட்ஜின் ஃபிலிமில் விழுந்த மெல்லிய தடங்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். கண் அசந்தால் எண்ணிக்கை குறையும். பழைய ஃபிலிம்களைப் பின்னாளில் எடுத்து மறுபடி எண்ண வேண்டியிருந்தது. பதிவேட்டில் பூஜ்யம் என்றிருந்தால் கதிர்வீச்சு படவில்லை என்றும் படிக்கலாம், ஒழுங்காக அளக்கவில்லை என்றும் படிக்கலாம்.

நோய் வந்த பிறகு இந்தப் பூஜ்யமே தொழிலாளிக்கு எதிராகத் திரும்பியது. 2000-இல் வந்த அமெரிக்கச் சட்டம், புற்றுநோய் கண்ட அணு ஆயுதத் தொழிலாளர்களுக்கு 1,50,000 டாலரும் மருத்துவச் செலவும் தர ஒப்புக்கொண்டது. நிபந்தனை: வேலையால் நோய் வந்திருக்கப் பாதிக்குப் பாதியாவது வாய்ப்பு இருப்பதாகக் கணக்கில் தெரிய வேண்டும். கணக்கு போடுவதோ அதே பழைய பதிவேடுகளை வைத்து! என் பார்வையில் இது வாதியின் கையில் எதிராளியின் நோட்டைக் கொடுத்து நிரூபி என்பதுதான்.

சட்டத்திலேயே ஒரு வாசல் இருந்தது. அளவை நம்பும்படி கணக்கிட முடியாத இடங்களில், 250 நாள் வேலை செய்திருந்து, பட்டியலிலுள்ள 22 வகைப் புற்றுநோய்களில் ஒன்று வந்திருந்தால் போதும், கணக்கு கேட்கமாட்டார்கள். ராக்கி ஃபிளாட்ஸ் தொழிற்சங்கம் 2005-இல் இதற்கு மனு போட்டது. முதலில் சிலருக்கு மட்டுமே கதவு திறந்தது. 1983 முடிய அங்கே வேலை பார்த்தவர்களுக்கும் அது திறக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின. அதற்குள் ஆலையையே இடித்து அகற்றி முடித்திருந்தார்கள்.