தகர வில்லையும் முற்கொடுப்பனவு அட்டையும்

முற்கொடுப்பனவு அட்டையிற் பணம் முதலில் இடப்படுகிறது, செலவிடுந்தோறும் இருப்புக் குறைகிறது, கடன் பிறப்பதில்லை. தொலைபேசிக்கான மீள்நிரப்பு அட்டையும் இத்தகையதே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊவாத் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் பலர் தாங்கிய தகர வில்லை தோற்றத்தில் மட்டுமே இதனை ஒத்தது. தோட்டத்தின் எண் பொறித்த அவ்வில்லையைக் காட்டினோர் வழியிற் கட்டணம் செலுத்தவேண்டியதில்லை. ஆனால், அரசு செலவிட்ட தொகை தோட்டத்திடம் அறவிடப்பட்டு, கங்காணி வழியே தொழிலாளியின் பற்றில் ஏறிற்று. (புகையிரதம் பதுளையை அடைந்ததே 1924இல், முன்னர் வந்தோர் இறுதி மலைப்பாதையைப் பெரும்பாலும் நடந்தே கடந்தனர்.) உழைப்பைத் தொடங்குமுன்னரே உழைப்பாளர் கடனாளராயினர் என்பதே இவ்வேற்பாட்டின் பொருளாதார உள்ளடக்கம். வேறு தோட்டம் செல்லவேண்டின், கடன்தொகை குறித்த ‘துண்டு’ வேண்டும். புதிய தோட்டத்துரை அத்தொகையைச் செலுத்தினாலன்றி விடுதலையில்லை. துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.