கல்லூரி அணிக்குக் கைதட்ட யார் வருவார்கள்?

அந்தமானில், ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில் 'ஜே.என்.ஆர்.எம்.' என்று சொன்னால் போதும், ஆட்டோ நேராக ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரி வாசலில் போய் நிற்கும். 1967-ல் தொடங்கிய கல்லூரி அது. நெடுங்காலமாக அது இணைந்திருந்த புதுவைப் பல்கலைக்கழகமோ கடலுக்கு அப்பால், காலாப்பட்டில். அங்கே ஆடப் போகும் தீவுப் பிள்ளை கப்பல் ஏறினால், சென்னையை எட்டவே ஏறக்குறைய மூன்று நாள். அப்பா, அம்மா, தெருக்காரர் எல்லோரும் கூடவே போய்விட முடியாது. கோல் அடித்தாலும் கைதட்ட ஊர்முகம் ஒன்றும் இருக்காது.

தீவில் விளையாட்டுப் பற்று குறைவா?

இல்லவே இல்லை. 2004 சுனாமியில் தப்பிப் பிழைத்த கார் நிக்கோபார் சிறுமி டெபோரா ஹெரால்ட், 2015-ல் சைக்கிள் பந்தயத்தின் 500 மீட்டர் பிரிவு உலகத் தரவரிசையில் 4-ஆம் இடம் பிடித்தார். 2018-ல் இன்னொரு தீவுப் பிள்ளை எசோ ஆல்பன் உலக ஜூனியர் சைக்கிள் போட்டியில் வெள்ளி வென்றார். இருவரையும் தீவு சொந்தப் பிள்ளைகளாகவே கொண்டாடியது. ஆனால் அது வெற்றிச் செய்தி வந்த பிறகு எழும் மகிழ்ச்சி. தோற்கும் நாளிலும் அணியோடு நிற்கிற கூட்டம் வேறு வகை. அதைப் பல ஆண்டு பாடுபட்டுத்தான் சேர்க்க முடியும்.

அப்படிச் சேர்த்தவர்கள் உண்டா?

யாழ்ப்பாணத்தில் உண்டு. மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் மோதும் 'வடக்கின் பெரும் போர்' கிரிக்கெட் ஆட்டம் 1904-ல் தொடங்கியது. இரண்டும் பள்ளிகள்தான், ஆடுவது பள்ளி மாணவர்கள்தான். ஆனாலும் அந்த மூன்று நாளும் மைதானத்தைச் சுற்றி நரைத்த தலைகள் நிறைந்திருக்கும். கல்லூரிக் கொடியைத் தோளில் போர்த்தியபடி, தங்களோடு ஒரே பெஞ்சில் இருந்தவர்களைத் தேடி வருகிறவர்கள் அவர்கள். வாத்தியம் முழங்கும், பழைய பட்டப்பெயர்கள் திரும்பி வரும். யுத்த காலத்தில் தடைபட்டும் ஆட்டம் சாகவில்லை. புலம்பெயர்ந்தவர்கள் லண்டனிலும் டொரொன்டோவிலும் பழைய மாணவர் சங்கம் வைத்து, ஸ்கோர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

எது அவர்களை இழுக்கிறது?

அதே எதிரணி, அதே மாதம், அதே மைதானம். அடுத்த ஆண்டு எப்போது வரவேண்டும் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் படகுப் போட்டியும் இப்படித்தான் வேர்விட்டது. 1829-ல் தொடங்கி, 1856 முதல் போர்க்காலமும் கொரோனாவும் தவிர ஆண்டுதோறும் நடக்கிறது. தேம்ஸ் கரையில் நின்று பார்க்க டிக்கெட் கிடையாது. கோப்பை கைமாறலாம், நாள் மாறக்கூடாது.

அந்தமானில் எங்கே தொடங்கலாம்?

எதிரணியைத் தேடிக் கடல் தாண்ட வேண்டாம். மாயாபந்தரில் மகாத்மா காந்தி அரசுக் கல்லூரி இருக்கிறது. இரண்டு கல்லூரிகளும் ஆண்டுக்கு ஒரு கால்பந்து ஆட்டத்துக்கு நாள் குறிக்கட்டும். ஓர் ஆண்டு இங்கே, மறு ஆண்டு அங்கே. மாயாபந்தர் போகும் வழியில், ஜிர்காட்டாங்கில் வாகனங்கள் ஒன்றாகப் புறப்படும் விடியற்காலைக் கான்வாய்க்காக வரிசையில் நிற்கும் பேருந்தில், சட்டையில் கல்லூரி நிறத்தோடு நாற்பது பேர் உட்கார்ந்திருந்தால் அதுவே முதல் ரசிகர் மன்றம். தமிழும் வங்காளமும் தெலுங்கும் தீவு இந்தியும் கலந்து ஒரே அணிக்காக எழும் கூச்சலை எண்ணிப் பாருங்கள்!

பழைய மாணவர்களிடம் முதல் நாளே நன்கொடை நோட்டை நீட்டக்கூடாது. வேலை கொடுக்க வேண்டும். ஒருவர் கைபேசியில் ஆட்டத்தை நேரலையாக அனுப்பட்டும், சென்னையில் இருப்பவரும் பார்ப்பார். இன்னொருவர் வர்ணனை சொல்லட்டும். மற்றொருவர் முதலாண்டுப் பையனுக்கு பூட்ஸ் வாங்கித் தரட்டும். கையில் வேலை இருக்கிறவர் மறு ஆண்டும் வருவார். பணமும் அவர் பின்னாலேயே வரும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. 1967-ல் சேர்ந்த மாணவர்களுக்கு இன்று எழுபத்தைந்து வயது தாண்டியிருக்கும். கல்லூரியின் முதல் அணிகளில் ஆடியவர்கள் யார், எந்த மைதானத்தில் ஆடினார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதிவைக்க வேண்டும். முதல் ஆட்டத்தின் பந்தை உருட்டிவிட அவர்களில் ஒருவரைக் கைபிடித்து அழைத்து வரவேண்டும். இதற்கு அரசாணை தேவையில்லை. ஒரு நோட்டும், நேரில் போய்க் கேட்கும் இரண்டு மாணவர்களும் போதும்.