சால்ட் லேக் சொல்லித் தரும் வேதியியல்

அமிலம், காரம், உப்பு, ஆக்சிஜனேற்றம் என்று நம் வீட்டுப் பிள்ளைகள் மனப்பாடம் பண்ணுகிறார்கள். பரீட்சை முடிந்த மறுநாள் எல்லாம் மறந்து போகிறது. ஆனால் பத்தாம் வகுப்பு வேதியியலில் பாதி, நம் சால்ட் லேக்குக்குக் கிழக்கே உள்ள ஏரிகளில் தினமும் நடந்துகொண்டிருக்கிறது. இந்த நகரம் பிழைத்திருப்பதில் அந்தப் பாடத்துக்கும் பங்கு உண்டு.

பெயரில் உள்ள உப்பு

வித்யாதரி ஆற்றின் வழியாகக் கடல் ஓதம் ஏறி வந்ததால் இது உப்பு ஏரி ஆயிற்று. ஆறு தூர்ந்து போனதும் உப்பு நீர் வரத்து நின்றது. 1960களில் ஹூக்ளி ஆற்று வண்டலைக் குழாய் வழியே கொண்டுவந்து கொட்டி, ஏரியின் ஒரு பகுதியை மேடாக்கினார்கள். அதுதான் விதான்நகர், நம் சால்ட் லேக்.

வேதியியலில் உப்பு என்பது சமையல் உப்பு மட்டும் அல்ல. அமிலமும் காரமும் சேர்ந்து ஒன்றையொன்று தணித்துக்கொள்ளும்போது நீரோடு கூட உண்டாவது உப்பு. சலவைச் சோடா, படிகாரம், மயில்துத்தம் எல்லாமே உப்புகள்தான்.

சாக்கடை எப்படித் தெளிகிறது?

கொல்கத்தாவின் நிலம் கிழக்கு நோக்கிச் சரிகிறது. ஆகவே நகரத்துக் கழிவுநீர் ஹூக்ளிக்குப் போகாமல் இந்தப் பக்கம் வருகிறது. அதன் ஒரு பகுதியைக் கால்வாய் வழியே ‘பேரி’ எனப்படும் மீன் ஏரிகளில் விடுகிறார்கள். அங்கே பாக்டீரியாக்கள் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைக் கொண்டு அழுக்கைச் சிதைக்கின்றன. இதுவும் ஆக்சிஜனேற்றமே. இரும்பு துருப்பிடிப்பதும் ஊதுவத்தி எரிவதும் இதே குடும்பம். ஆக்சிஜன் தீர்ந்துபோனால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு பிறக்கும். சாக்கடையில் வீசும் அழுகிய முட்டை நாற்றம் அதனுடையது.

அப்படியானால் ஆக்சிஜன் தீராமல் பார்த்துக்கொள்வது யார்? பாசிதான். பேரிகள் ஆழம் குறைந்தவை, வெயில் உள்ளே இறங்கும். பாசி கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு ஆக்சிஜனை விடுகிறது. கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைந்தால் லேசான அமிலம், நாம் குடிக்கும் சோடா மாதிரி. அதைப் பாசி எடுக்க எடுக்க நீர் காரத்தன்மை அடைகிறது. பி.எச். அளவில் 7 நடுநிலை. ஒரு எண் கூடினால் அமிலத்தன்மை பத்தில் ஒரு பங்காகிவிடும். உச்சிவெயிலில் பேரி நீர் 8-ஐயும் தாண்டும். இந்தக் காரமும் வெயிலும் சேர்ந்து நோய்க்கிருமிகளைப் பெருமளவு கொல்கின்றன.

இரவில் பாசி ஆக்சிஜனைத் தராது, அதுவும் மூச்சு விடும். அதனால் விடியற்காலையில்தான் ஆக்சிஜன் மிகக் குறைவு. மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால், கழிவுநீர் அதிகம் வந்துவிட்டது என்று மீனவர் புரிந்துகொள்கிறார். சேறு புளித்துப் போனால் சுண்ணாம்பு போடுகிறார். அது நடுநிலையாக்கல். நம் வீட்டு ஆரத்தியில் மஞ்சள் நீர் சுண்ணாம்பு பட்டுச் சிவப்பதும் காரத்தின் வேலைதான். மஞ்சள் நாம் காலகாலமாக வைத்திருக்கும் இண்டிகேட்டர்!

சிதைக்க முடியாதது

வேதிவினையில் எதுவும் அழிவதில்லை, இடம் மாறுகிறது. கழிவில் இருந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் பாசியாகி, மீனாகி, தாபா வயல்களில் காலிஃபிளவராகி நம் தட்டுக்கு வருகின்றன. மீன் சாப்பிடாத நம் வீடுகளுக்கும் இதில் பங்கு உண்டு.

ஆனால் குரோமியம், ஈயம் போன்றவை தனிமங்கள். சேர்மத்தைப் பாக்டீரியா உடைக்கும். தனிமத்தை எந்த வேதிவினையாலும் உடைக்க முடியாது. தோல் பதனிடும் ஆலைக் கழிவு ஆபத்தானது இதனால்தான். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்து உறவினரைக் கேளுங்கள், பாலாற்றின் கதையைச் சொல்வார்கள். 1996-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் மாவட்டத் தோல் ஆலைகள் பற்றித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு கொல்கத்தாவின் தோல் ஆலைகளை நகருக்கு வெளியே மாற்றவும் உத்தரவிட்டது.

ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

இந்த ஏரிகளின் வேலையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் பொறியாளர் துருபஜோதி கோஷ் (மறைவு 2018). 2002-ல் சுமார் 12,500 ஹெக்டேர் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. 2006-ல் தனிச் சட்டமும் வந்தது. இருந்தும் பேரிகளைத் தூர்த்து மனை போடும் ஆசை ஓயவில்லை. நாம் குடியிருப்பதே தூர்த்த ஏரியின் மேல்தான். அதனால் நமக்குப் பொறுப்பு கொஞ்சம் கூடுதல். ஒரு பேரியை மூடினால் போவது தண்ணீர் மட்டும் அல்ல, மின்சாரம் கேட்காமல் வெயிலில் ஓடும் சுத்திகரிப்பு நிலையமும்தான்.

அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை அந்தப் பக்கம் ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள். கையில் வேதியியல் புத்தகமும் இருக்கட்டும்.