புகைக்குழாயில் போகும் பணமும் உயிரும்

செட்டிநாட்டு வீடுகளைத் தேடித் திரைப்படக் குழுவினர் வருவது நெடுங்கால வழக்கம். காரைக்குடி, கானாடுகாத்தான் வீதிகளில் படப்பிடிப்பு நடைபெறும் நாள்களில், நடிகர்கள் ஓய்வெடுக்கும் 'கேரவன்' வாகனங்களும் வரிசையாக நிற்கும். இப்போது அவ்வாகனங்கள் சுற்றுலாவுக்கும் வந்துவிட்டன. கேரளம் 2021-இல் இதற்கெனத் தனிக் கொள்கையையே அறிவித்தது. படுக்கை, சமையலறை, கழிப்பறை, குளிர்சாதனம் ஆகியவற்றுடன் கூடிய இந்த ஓடும் வீடுகள் வரவேற்கத்தக்கவையே. ஆனால், இவற்றில் பல, பேருந்தாகவோ வேனாகவோ ஆண்டுக்கணக்கில் ஓடிய டீசல் வாகனங்களை மாற்றிக் கட்டியவை. உள்ளலங்காரத்துக்குக் காட்டப்படும் அக்கறையில் சிறு பங்குகூட என்ஜினுக்கும் புகைக்குழாய்க்கும் கிடைப்பதில்லை.

டீசல் என்ஜினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. காற்றை மிக இறுக்கமாக அழுத்தும்போது உண்டாகும் வெப்பத்திலேயே, உள்ளே பீய்ச்சப்படும் டீசல் பற்றிக்கொள்கிறது. போதிய காற்று இல்லையென்றாலோ, டீசல் நுண்துளிகளாகச் சிதறவில்லையென்றாலோ, முழுமையாக எரியாத கரி கரும்புகையாக வெளியேறும். அடைபட்ட காற்று வடிகட்டி, தேய்ந்த நாசில், இழுவைக்காக அளவுக்கு மீறிக் கூட்டிவைக்கப்பட்ட பம்ப் ஆகியவையே இதற்கு வழக்கமான காரணங்கள். நீலப்புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது என்று பொருள். பிஸ்டன் வளையங்களையோ டர்போவையோ பார்க்க வேண்டும். என்ஜின் சூடேறிய பின்னும் வெண்புகை நிற்கவில்லையென்றால், குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறதா என்று ஆராய வேண்டும். கரும்புகை என்பது உரிமையாளர் விலை கொடுத்து வாங்கி, வேலை வாங்காமல் காற்றில் விட்ட எரிபொருள். இந்த இடத்தில் அவருடைய நலனும் ஊரின் நலனும் ஒன்றுதான்.

கேரவனுக்கென்று தனிச் சிக்கல் ஒன்றும் உண்டு. லாரி ஓடித் தேயும். கேரவன் நின்று கெடும். குளிர்சாதனத்துக்காக என்ஜினை மணிக்கணக்கில் வெறுமனே ஓடவிடும்போது அது உரிய வெப்பத்தை எட்டுவதில்லை. நாசிலிலும் வால்வுகளிலும் கரி படிகிறது. மணிக்கு ஒரு லிட்டர் என்று குறைவாக வைத்துக்கொண்டாலும், எட்டு மணி நேரத்தில் 8 லிட்டர்; இன்றைய விலையில் ரூ.700-க்குக் குறையாது. பயணமே இல்லாத செலவு அது. மாதக்கணக்கில் நிறுத்திவைத்தால், பாதி காலியான டேங்கின் உட்சுவரில் ஈரம் படிந்து நீராகச் சேர்கிறது. நுண்ணுயிர்கள் வளர்ந்து, வடிகட்டியை அடைக்கும் கசடும் உண்டாகிறது. எனவே, நிறுத்தும் முன் டேங்கை நிரப்புவது, நீர் பிரிப்பானைத் திறந்து வடிப்பது, எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும் ஆண்டுக்கொரு முறை ஆயிலை மாற்றுவது, அவ்வப்போது என்ஜின் நன்கு சூடேறும்வரை நெடுஞ்சாலையில் ஓட்டுவது ஆகியவை எளிய, பயனுள்ள பராமரிப்பு.

புகைக்குழாயை 'மேம்படுத்தி' அகலமான குழாய் போட்டால் இழுவை கூடும் என்று சொல்லப்படுவதில் ஓரளவு உண்மை உண்டு. டர்போ பொருத்திய என்ஜினுக்குப் புகை தடையின்றி வெளியேறுவது நல்லது. ஆனால், துருப்பிடித்தோ நசுங்கியோ போன பழைய குழாயைச் சரிசெய்தாலே அந்தப் பயனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். சைலன்சரைக் கழற்றிவிட்டு நேர்க்குழாய் போடுவதில் மிஞ்சுவது இரைச்சல்தான். அகலத்தைவிடக் கசிவின்மையே முதன்மையானது. ஏனெனில், இது மனிதர்கள் உறங்கும் வாகனம்.

கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த ஒரு கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டரிலிருந்து வெளியேறிய கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததே காரணம் என்று பின்னர் ஆய்வில் தெரியவந்தது. தரைத்தளத்தில் ஒரு துளை, குழாய் இணைப்பில் ஒரு விரிசல் போதும். சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள எச்சரிக்கைக் கருவி ஒவ்வொரு கேரவனிலும் இருந்தாக வேண்டும்.

உரிமையாளரின் நலனும் ஊரின் நலனும் பிரியும் இடமும் உண்டு. 2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பாரத் ஸ்டேஜ்-6 விதிக்கு உட்பட்ட டீசல் வாகனங்களில் கரித்துகள் வடிகட்டி இருக்கிறது. கனரக வாகனங்களில் யூரியா கரைசலைக் கொண்டு நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் அமைப்பும் உண்டு. நின்றபடியே ஓடும் என்ஜினில் வடிகட்டி விரைவில் அடைபடும். அதைத் தூய்மைப்படுத்துவதற்குப் பதிலாக அடியோடு அகற்றிவிடுவது உரிமையாளருக்குச் சிக்கனம். அந்தச் சிக்கனத்துக்கான விலையைத் தெருவில் விளையாடும் குழந்தையின் நுரையீரல் கொடுக்கிறது. ஒருவரின் செலவு மற்றவர் தலையில் விழுவதை ஆர்தர் பிகூ 1920-இல் விளக்கியபோது, அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று ஆலைப் புகை. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் உறுதிப்படுத்தியது.

சட்டம் இல்லாமல் இல்லை. அனுமதியின்றி வாகனத்தை மாற்றியமைத்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 வரையிலும், மாசு விதியை மீறினால் ரூ.10,000 வரையிலும் அபராதம் விதிக்க 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்கிறது. சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. ஆனால், டீசல் வாகனங்களுக்கான வழக்கமான மாசுச் சோதனை புகையின் அடர்த்தியை மட்டுமே அளக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்துகளும் நைட்ரஜன் ஆக்சைடும் அதில் சிக்குவதில்லை.

வயதை மட்டும் வைத்து வாகனங்களை ஒதுக்குவதும் முழுத் தீர்வாகாது. தில்லியில் பத்தாண்டு கடந்த டீசல் வாகனங்கள் மீதான தடை, 2015-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டதிலிருந்து நீதிமன்றங்களில் சுற்றிவருகிறது. நன்கு பேணப்பட்ட பழைய வாகனம், வடிகட்டி அகற்றப்பட்ட புதிய வாகனத்தைவிடக் குறைவாகப் புகைக்கலாம். 2008-இல் லண்டன் மாநகரம் குறைந்த மாசு மண்டலத்தை அமைத்தபோது, பழைய லாரிகள் வடிகட்டி பொருத்திக்கொண்டு நுழைய வழி விட்டது. கந்தகம் மிகக் குறைந்த டீசல் நாடெங்கும் கிடைக்கும் இன்று, அந்த வழி நமக்கும் திறந்திருக்கிறது. உண்மையான புகைக்குழாய் மேம்பாடு என்பது இதுதான்.

அரசு செய்ய வேண்டியவை மூன்று. கேரவன்களின் தகுதிச் சான்றில் புகைக்குழாய்க் கசிவுச் சோதனையையும் எச்சரிக்கைக் கருவியையும் கட்டாயமாக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட வடிகட்டியைப் பொருத்தும் பழைய வாகனங்களுக்கு வரிச்சலுகை தர வேண்டும். படப்பிடிப்பும் சுற்றுலாவும் மிகுந்த ஊர்களில், நிறுத்துமிடத்திலேயே கட்டண மின்இணைப்பு வழங்க வேண்டும். என்ஜினை ஓடவிடுவதைவிட மின்சாரம் மலிவாகவும் எளிதாகவும் கிடைத்தால், எந்த ஓட்டுநரும் என்ஜினை ஓடவிட்டுக் காத்திருக்க மாட்டார்.