அம்மாவும் பிளான் போடலாம்!

காவேரிப்பாக்கத்துல இருந்து காலேஜுக்கு பஸ் ஏறுறவரா நீங்க? காலங்காத்தால ஷூ கம்பெனி வண்டிக்குக் காத்திருக்கிற அக்காக்களைப் பார்த்திருப்பீங்க. அவங்கள்ல ஒருத்தருக்கு, நடக்க முடியாத, பேச்சு சரியா வராத எட்டு வயசுப் பையன் இருக்கான்னு வெச்சுக்குங்க. 'இவனுக்கு இங்கே சரிப்படாது, வீட்டுலேயே வெச்சுப் பார்த்துக்குங்க'ன்னு பள்ளியில சொன்னா, பாவம், தலையாட்டிட்டு வந்துடுவாங்க.

தலையாட்டத் தேவையே இல்லை! 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 31-வது பிரிவைப் படிச்சுப் பாருங்க. 40 சதவிகிதமோ அதற்கு மேலோ குறைபாடு இருப்பதாகச் சான்று பெற்ற குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று முடிவு செய்வது குழந்தையின் உரிமை. ஹெட்மாஸ்டரின் உரிமை இல்லை. வீட்டுவழிக் கல்வியும் அப்படித்தான். கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-ல் வந்த திருத்தம், கடுமையான குறைபாடு உள்ள குழந்தை விரும்பினால் அதைத் தேர்ந்தெடுக்கலாம் என்கிறது. 'விரும்பினால்' என்பதை அடிக்கோடு போட்டுக்குங்க.

சரி, சேர்த்தாச்சு. அப்புறம்? தனிநபர் கல்வித் திட்டம், சுருக்கமா ஐ.இ.பி. இந்த வருஷம் இவன் என்ன கத்துக்கணும், எப்படிக் கத்துக்கணும்னு எழுதிவைக்கிற தாள். அமெரிக்காவில் 1975-லேயே இந்த மீட்டிங்கில் பெற்றோருக்கு நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டது சட்டம். நம்ம சட்டமோ, தேவையான தனி உதவி கொடு, முன்னேற்றத்தைக் கண்காணி என்பதோடு சரி. பெற்றோர் சம்மதம் பற்றி மூச்சே இல்லை. பெரிய ஓட்டைதான்.

ஆனா, பசிச்சா அவன் எந்தப் பக்கம் கண்ணைத் திருப்புவான், எந்தக் கையில பென்சில் நிக்கும்னு அம்மாவுக்குத்தானே தெரியும்? வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் 'நம்பிக்கை நிலையம்' பெற்றோரையும் சேர்த்தேதான் பயிற்றுவிக்கிறது. மும்பையில் மிது அலூர், மகள் மாலினிக்காக 1972-ல் பள்ளியே தொடங்கினார். சென்னையில் 1985-ல் பூனம் நடராஜன் ஆரம்பித்ததுதான் இன்றைய வித்யாசாகர். அவரும் அப்படி ஒரு அம்மாதான்.

நம்ம ஷூ கம்பெனி அக்காவுக்கு அரை நாள் லீவே பெரிய விஷயம். அதனால, வட்டார வள மையத்துக்குச் சிறப்பாசிரியரைப் பார்க்க அவங்க கிளம்பும்போது நீங்களும் கூடப் போங்க. முதல் நாளே, அவங்க சொல்லச் சொல்ல பையனைப் பத்தி ஒரு பக்கம் எழுதிக்குங்க. திட்டத்தோட நகலைக் கேட்டு வாங்குங்க. அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூணு பங்கு பெற்றோர்தான்; அதுல இவங்களுக்கும் ஓர் இடம் கேளுங்க. பரீட்சையில் சொல்வதை எழுத ஆள், கூடுதல் நேரம் எல்லாமே சட்டத்தில் இருக்கு.

பள்ளி மசியலையா? திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்க. 2019-ல ராணிப்பேட்டை தனி மாவட்டமாகிட்டதால வேலூர் வரைக்கும் அலைய வேண்டாம். மனுவுக்கு ரசீது வாங்க மறந்துடாதீங்க.