தோள்மூட்டு விலகலுக்குச் சிறுதுளை அறுவை: நெடுங்காலப் பயன் எத்தகையது?

மனித உடலின் மூட்டுகளுள் எல்லாத் திசைகளிலும் மிகுதியாகச் சுழலக்கூடியது தோள்மூட்டு. மிகுதியாக விலகுவதும் அதுவே. ஒருமுறை 'தோள் இறங்கிய' இளைஞருக்கு அது மீண்டும் மீண்டும் நேரக்கூடும். கையை உயர்த்தவே அஞ்சும் ஒருவரால் மூட்டை தூக்கவோ, சாரத்தில் ஏறிக் கட்டட வேலை செய்யவோ, கபடி ஆடவோ இயலாது. எனவே இது மருத்துவச் சிக்கல் மட்டுமன்று. உழைக்கும் வயதினரின் வருவாயைப் பாதிக்கும் சிக்கலும் ஆகும்.

விலகல் தொடர்வது ஏன்?

மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, தோள்பட்டை எலும்பின் ஆழமற்ற குழியில் பொருந்தியுள்ளது. குழியின் ஓரத்திலுள்ள நார்க்குருத்து வளையம் அதற்கு அணைபோல் உதவுகிறது. விலகலின்போது இவ்வளையம் முன்புறத்தில் கிழிந்துவிடுவதை லண்டன் அறுவை மருத்துவர் பேங்கார்ட் 1923-இல் விளக்கினார். உருண்டைத் தலையின் பின்புறத்தில் உண்டாகும் பள்ளத்தை ஹில், சாக்ஸ் ஆகிய இருவர் 1940-இல் விவரித்தனர். விலகல் தொடரத் தொடர எலும்புத் தேய்வும் பெருகுகிறது.

திறந்த அறுவையும் சிறுதுளை அறுவையும்

கிழிந்த வளையத்தைத் தோளைத் திறந்து தைக்கும் முறையே நெடுங்காலம் கையாளப்பட்டது. அமெரிக்காவில் ரோ என்பவரும் அவருடைய குழுவினரும் 145 தோள்களைத் தொடர்ந்து கண்காணித்து 1978-இல் வெளியிட்ட ஆய்வில், மறுவிலகல் 3.5 விழுக்காடாகவே இருந்தது.

பின்னர் வந்த சிறுதுளை அறுவையில், சில சிறு துளைகள் வழியே ஒளிக்குழாயும் கருவிகளும் செலுத்தப்படுகின்றன. குழியின் விளிம்பில் நூல் கோத்த நங்கூரங்களைப் பதித்து வளையம் மீண்டும் கட்டப்படுகிறது. முன்புறத் தசையை வெட்டவேண்டியதில்லை. வலியும் தழும்பும் குறைவு.

ஆண்டுகள் கடந்தபின்

ஆனால் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் இவ்வறுவையின் வெற்றியை அளக்க இயலாது. நெதர்லாந்தில் 8 முதல் 10 ஆண்டுகள்வரை கண்காணிக்கப்பட்டு 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், 35 விழுக்காடு தோள்கள் மீண்டும் விலகியிருந்தன.

இவ்வேறுபாட்டிற்கு முக்கியக் காரணம் எலும்பு இழப்பு. பர்க்ஹார்ட், டி பீர் ஆகியோர் 194 சிறுதுளை அறுவைகளை ஆராய்ந்து 2000-இல் தந்த முடிவு இதனைத் தெளிவாக்குகிறது. குறிப்பிடத்தக்க எலும்பு இழப்பு இல்லாதோரில் மறுவிலகல் 4 விழுக்காடு; இருந்தோரில் 67 விழுக்காடு. பின்கூறியவர்களுக்கு, பிரான்சின் லாடர்ஜே 1954-இல் வகுத்த, எலும்புத் துண்டை இடம் மாற்றிப் பொருத்தும் முறை பொருத்தமாகலாம்.

யாருக்கு எந்த அறுவை?

பால்க், புவாலோ ஆகியோர் 2007-இல் ஒரு மதிப்பெண் முறையை வகுத்தனர். இருபது வயதுக்கு மேற்படாமை, போட்டி விளையாட்டு, மோதலோ கையை உயர்த்தி வீசுதலோ கொண்ட ஆட்டம், மூட்டுகளின் தளர்ச்சி, எலும்புச் சேதம் ஆகியவற்றுக்கு மொத்தம் 10 மதிப்பெண். ஆறுக்கு மேற்பட்டோரில் மறுவிலகல் 70 விழுக்காடு. இம்முறைக்கு நோயாளியிடம் கேட்டறிதலும், நேரடிப் பரிசோதனையும், சாதாரண எக்ஸ்ரே படமும் போதும். மாவட்ட மருத்துவமனையிலும் இது இயலும்.

எல்லோருக்கும் அறுவை தேவை என்பதும் இல்லை. முதன்முறை விலகியபோது அறுவையின்றிச் சிகிச்சை பெற்ற 12 முதல் 40 வயதுடையோரை, சுவீடனில் ஹோவேலியஸ் குழுவினர் 25 ஆண்டுகள் கண்காணித்தனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு விலகல் மீண்டும் நேரவே இல்லை, அல்லது ஒருமுறையே நேர்ந்தது.

திட்டமிடுவோர் கருதவேண்டியது

2018-இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை மருத்துவக் காப்பு அளிக்கிறது. இத்தகைய திட்டங்களில் செய்யப்பட்ட அறுவைகளின் எண்ணிக்கை செலவைக் காட்டும், பயனைக் காட்டாது. அறுவைக்குப் பின் சில வாரங்கள் கைக்கு ஓய்வும், பல மாதங்கள் பயிற்சியும் வேண்டும். நாட்கூலி பெறுவோர் இக்காலத்தைக் கடக்க வழியின்றிப் பளுவான வேலைக்கு முன்னதாகவே திரும்பினால், நல்ல அறுவையும் வீணாகக்கூடும். சரியான நோயாளியைத் தேர்தல், பயிற்சிக்கு வசதி செய்தல், ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் நிலையைப் பதிவு செய்தல் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் செலவிட்ட பொதுப்பணம் உழைப்பவரின் தோளுக்கு வலுவாக மாறும்.